ஒரு நாயின் ஒரு நாள் தீனிக்கு 22 அணில்

முழுதாக வளர்ந்த மூன்று கோட்டு அணிலின் எடை ஏறக்குறைய 100 கிராம். மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களிலிருந்து குன்றத்தூர் பக்கத்துப் புது மனைப்பிரிவுகள் வரை, வேம்பும் முருங்கையும் தென்னையும் மிச்சமிருக்கும் இடத்திலெல்லாம் ஓடுவது இந்த இனம்தான். தோல், குடல், தலை, எலும்பு எல்லாம் போகப் பாதியைக் கறி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கையில் நிற்பது 50 கிராம். அணில் கறியில் 100 கிராமுக்கு 120 கலோரி. அப்படியானால் ஓர் அணில் 60 கலோரி. ஒரு கோழிமுட்டை இதைவிடக் கூடுதலாகத் தரும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கன்னியும் வளர்க்கும் வீடுகள் பெருகிவிட்டன. நாட்டு நாய்க்கு மறுபடி மதிப்பு வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நாய்களோடு ஒரு பேச்சும் ஊருக்குள் வந்துவிட்டது. ‘வேட்டை நாய்க்கு வேட்டை காட்டாவிட்டால் ரத்தம் செத்துவிடும், முயலுக்குப் போக முடியாது, அணிலையாவது விடு’ என்கிறார்கள். காலி மனையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, மரத்தடியில் இறங்கிய அணிலைக் காட்டி ‘சூ’ என்று ஏவுவதைச் சிலர் நாய்க்குக் கொடுக்கும் பயிற்சி என்றே நம்புகிறார்கள். இதில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பேனா எடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் நாயின் பக்கம். நன்றாக வளர்ந்த சிப்பிப்பாறையை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும் நாய் உயிரோடிருக்கத் தேவையான கலோரி கிடைக்கும். 20 கிலோ நாய்க்கு அது 662. வீட்டில் சாதாரணமாக நடமாடும் நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க வேண்டும், 1,060 வரும். ஓடியாடி வேலை செய்யும் நாளில் இரண்டு மடங்கு, 1,324. இதை 60ஆல் வகுத்தால் 22. ஒரு சிப்பிப்பாறை ஒரு நாள் அணில் வேட்டையாடித் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ளவே 22 அணில் வேண்டும். வேட்டைக்குக் கூட்டிப்போன ஆளுக்கு இன்னும் ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த ஆளையும் சேர்ப்போம். ஓரளவு உடலுழைப்பு உள்ள ஆணுக்கு நாளுக்கு 2,710 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவு. அது 45 அணில். ஆளும் நாயும் ஒரு நாள் அணிலை மட்டுமே நம்பினால் 67 அணில் விழ வேண்டும். ஒரு தெருவின் மரங்களையெல்லாம் எண்ணினாலும் அத்தனை தேறுமா என்பதை மாங்காட்டில் இருப்பவர்கள் தங்கள் தெருவை நினைத்துப் பார்த்துச் சொல்லட்டும். முழுச் சாப்பாடு வேண்டாம், நாலு பேர் வீட்டில் ஒரு வேளைக் குழம்பு போதும், ஆளுக்கு 100 கிராம் கறி என்றாலும் 8 அணில்.

ஆனால் நாயை வைத்து அணில் பிடித்து அதில் லாபம் கண்ட நாடும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது இன்றும் சட்டத்துக்கு உட்பட்ட வேட்டை. நாளொன்றுக்கு ஒருவர் அடிக்கக்கூடிய உச்சவரம்பையும் மாநில அரசே வைத்திருக்கிறது. கென்டக்கியில் 6, மிசிசிப்பியில் 8, டென்னசியில் 10, ஆர்கன்சாவில் 12. அங்குள்ள சாம்பல் அணில் அரைக்கிலோ. நரியணில் என்று சொல்லத்தக்க செம்பழுப்பு இனம் சில சமயம் ஒரு கிலோவைத் தொடும். அதற்கென்றே வளர்த்த ஃபைஸ்ட் என்ற நாய் சின்னது, 10 கிலோ வைத்துக்கொள்ளலாம். அதே சூத்திரத்தில் அதன் வேலை நாள் தீனி 787 கலோரி. அரைக்கிலோ அணிலில் 250 கிராம் கறி, 300 கலோரி. மூன்று அணில் விழுந்தால் நாயின் கணக்கு முடிந்தது. டென்னசிக்காரருக்கு இன்னும் ஏழு மிச்சம். அது 1,750 கிராம் கறி. அணிலின் எடை ஐந்து மடங்கு, நாயின் எடை பாதி. இந்த இரண்டு எண்களால்தான் அங்கே வரவு நிற்கிறது, இங்கே நிற்கவில்லை.

எடை மட்டும் காரணம் இல்லை. ஃபைஸ்ட் நாய் அணிலைப் பிடிப்பதே இல்லை. மோப்பத்தாலும் காதாலும் கண்ணாலும் அணில் ஏறிய மரத்தைக் கண்டுபிடித்து, அதன் அடியில் முன்காலை ஊன்றி விடாமல் குரைக்கும். ஆள் வந்து மேலே பார்த்துச் சுடுவார். வேட்டைக்குத் தோதான மாதங்களும் அப்படி அமைந்தவை. பனிக்காலத்தில் ஓக், ஹிக்கரி மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது கிளையில் ஒட்டிக்கிடக்கும் அணில் கண்ணுக்குத் தெரியும். மாங்காட்டில் மாவும் புளியும் பன்னிரண்டு மாதமும் இலையோடு நிற்கின்றன. வேம்பு மாசி, பங்குனியில் சில வாரம் இலை கொட்டும். கொட்டிக்கொண்டிருக்கும்போதே துளிரும் விட்டுவிடும். மரத்தடியில் நாய் குரைத்தாலும் ஆளுக்கு மேலே இலைதான் தெரியும்.

அந்தக் குரைப்பும் நம் நாய்களுக்கு வராது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றும் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். கூம்பிய முகம், ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, ஒரு பிடிச் சதையைக்கூட வீணாகச் சுமக்காத நீளக் கால். கரிசலில் பருத்தி எடுத்த பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாகக் கிடக்கும் நிலத்தில், எழும்பி ஓடும் முயலைச் சத்தமில்லாமல் விரட்டிப் பிடிக்க உருவான உடம்பு அது. அந்த நாயை மரமும் சுவரும் மின்கம்பமும் நிறைந்த புறநகர்த் தெருவில் அணிலின் பின்னால் விட்டால் நடப்பதை யாரும் பார்க்கலாம். அணில் தரையில் இருக்கும்வரை நாய்க்கு உயிர் துடிக்கும். அணில் அடிமரத்தைத் தொட்டதும், பட்டையின் மறுபக்கத்துக்குச் சுற்றிப்போய், தலைகீழாக நின்று, வாலை வெடுக்கென்று அடித்து ‘கீச் கீச்’ என்று கத்தத் தொடங்கும். நாய்க்குக் கண்ணில் இரை இல்லை. இரண்டு முறை சுற்றிவிட்டு நிற்கும், பிறகு வளர்த்தவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்த நாயின் தலைமுறைகள் கற்ற எதுவும் அந்த மரத்தடியில் அதற்கு உதவவில்லை. இதைத்தான் பயிற்சி என்கிறோம்.

முயலோடு வைத்துப் பார்த்தால் இந்த நாய்கள் ஏன் உருவாயின என்பது எண்ணிலேயே தெரியும். நம் குறுங்காட்டு முயலை இரண்டரைக் கிலோ என்று வைத்தால் பாதி கறி, 1,250 கிராம். காட்டு முயல் கறியில் 100 கிராமுக்கு 114 கலோரி. மொத்தம் 1,425. சிப்பிப்பாறையின் வேலை நாள் தீனி 1,324. ஒரு நாளைக்கு ஒரு முயல் கிடைத்தால் நாய் தன் செலவைத் தானே தீர்த்துவிடும். இரண்டாவது முயல் வீட்டுக்கு. அதுவும் காகிதத்தில்தான். நடப்பில் கரிசல்காட்டுக்காரர்கள் நாய்க்குக் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் ஊற்றி வளர்த்தார்கள். முயலில் நாய்க்குப் போனது எலும்பும் குடலும். அதனால் கட்டுபடியானது. 60 கலோரிக்கு 20 கிலோ நாயை யாரும் உருவாக்கவில்லை. சிறுவர்கள் அணில் அடித்ததெல்லாம் உண்டிகோலாலும் கண்ணியாலும்தான். அதில் தீனிச் செலவு கிடையாது.

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் 1988இல் ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாம்பல் நிற அணிலுக்காகவே சரணாலயம் ஆக்கினார்கள். 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகிவிட்டது. அந்த அணில் ஒன்றரைக் கிலோவைத் தொடும். நம் வீட்டு அணில் 15 சேர்ந்தால்தான் அந்த எடை. கலோரிக் கணக்கில் நாய்க்கு ஈடு கட்டக்கூடிய ஒரே தமிழ்நாட்டு அணில் வகை இந்த மலை அணில்கள்தான். அவையோ கிளைக்குக் கிளை தாவியே வாழ்பவை. தரைக்கு வருவது அபூர்வம். நாட்டின் பேர்பெற்ற வேட்டை நாயும், பேர்பெற்ற அணில் சரணாலயமும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒன்றை ஒன்று தொடாமலே இருந்திருக்கின்றன. இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு.

இனிச் சட்டம். முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. கொல்வது மட்டும் வேட்டை ஆகாது. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கெல்லாம் முயல்வதுகூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பொதுக் குற்றங்களுக்கு 25,000 ரூபாயாக இருந்த அபராத வரம்பு 1,00,000 ஆனது. சிறை மூன்றாண்டு வரை. ஒரு முயலின் 1,250 கிராம் கறிக்கு அந்த உச்ச அபராதத்தைப் பரத்திப் பார்த்தால் கிலோ 80,000 ரூபாய். பொங்கலை ஒட்டி வனத்துறை ரோந்து போவதும், நாய்களோடு முயல் வேட்டைக்குப் போனவர்கள் சிக்கி அபராதம் கட்டுவதும் தென் மாவட்டங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் செய்தி. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள் என்பதால் அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு வருத்தம்தான் வரும். ஆனாலும் முயல் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறதே.

அணில்தானே, காட்டு விலங்கா என்ன என்று கேட்பவர்களுக்கு 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும் அதில் விலங்குதான். வேடிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொன்றின் மேல் ஏவிவிடுவது 11ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை, முதல் முறை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மிகாமல். 1960இல் 50 ரூபாய் ஒரு தொகை. அந்த எண்ணை இன்னும் யாரும் திருத்தவில்லை. முயலுக்கு ஒரு லட்சம் வரை, அணிலுக்கு ஐம்பது ரூபாய் வரை. இரண்டு உயிரும் நாயின் வாயில் படும் வேதனை ஒன்றுதான். இந்தப் பத்து ரூபாயும் ஐம்பது ரூபாயும் மாறியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சட்டத்தை மதிக்கிற ஆளைக்கூட அந்த எண் அசைக்காது.

அணிலின் பக்கத்துக் கணக்கை நாம் போடுவதே இல்லை. மூன்று கோட்டு அணிலின் சூல் காலம் 34 நாள். ஓர் ஈற்றுக்கு இரண்டு அல்லது மூன்று குட்டி, சராசரி 2.75. தாய்ப்பால் மறக்கச் சுமார் பத்து வாரம். குட்டி பருவத்துக்கு வர ஒன்பது மாதம். ஆக ஒரு தாய், கருவுற்றதிலிருந்து குட்டி தானாகத் தின்னத் தொடங்கும்வரை 104 நாள் அந்த ஈற்றுக்காகவே வாழ்கிறது. தரையில் இறங்கிக் கொட்டை பொறுக்கும் அணில்களில் எது தாய், எது தாயில்லை என்று நாய்க்குத் தெரியாது, ஏவுகிறவருக்கும் தெரியாது. தாய் விழுந்தால் கணக்கு 1 இல்லை, 3.75. தேங்காய் நாரும் பஞ்சும் கந்தலும் அடைத்த கூட்டில், கண் திறக்காத குட்டிகள் சூடு தணிந்து ஒவ்வொன்றாக அடங்கும். ஜன்னல் மேல்தட்டில் அணில் கூடு கட்டிய வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சன்னமான கீச்சொலி பழக்கம்; இரண்டாம் நாள் அது நின்றுபோவதும் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

ராமனுக்குப் பாலம் கட்ட உதவிய அணிலின் கதை இந்த மண்ணில் வேரூன்றியது. தொண்டரடிப்பொடியாழ்வார் தம் 45 பாசுரத் திருமாலையில் ஒன்றில் அந்த அணிலைக் குறிப்பிட்டு உருகுகிறார். மாங்காட்டில் காமாட்சி அம்மனோடு வைகுண்டப் பெருமாளும் குடியிருக்கிறார். அணிலின் முதுகைக் காட்டிக் குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லாத பாட்டிகள் இங்கே குறைவு. பல வீடுகளில் அணில் கறி நுழையாமல் போனதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

சரி, கறிக்காக இல்லை, கொய்யாவைக் காப்பாற்றத்தான் நாயை ஏவுகிறோம் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அது நியாயமான குறைதான். அணில் தின்பதைவிடக் கடித்துப் போடுவது அதிகம். பழம் பழுக்க இரண்டு நாள் இருக்கும்போதே ஒரு பக்கம் சுரண்டிவிடும். ஓர் அணில் நாளுக்கு 15 கிராம் கொய்யா தின்று, தின்றதையும் சேர்த்து அதைப்போல் மூன்று மடங்கை, அதாவது 45 கிராமை, வீணாக்குகிறது என்று வைப்போம். காய்ப்பு நாலு மாதம், 120 நாள். மொத்தம் 5.4 கிலோ. கொய்யா கிலோ 60 ரூபாய் என்றால் ஓர் அணிலால் ஆண்டுக்கு நஷ்டம் 324 ரூபாய்.

எதிர்ப்பக்கத்தில் நாயின் செலவை எழுத வேண்டும். 1,060 கலோரிக்கு ஒரு நாளுக்கு 200 கிராம் அரிசி, ஒரு முட்டை, 150 கிராம் கோழிக்கறி சரியாக இருக்கும். அரிசி கிலோ 50, முட்டை 6, கறி கிலோ 220 என்று வைத்துக்கொண்டால் முறையே 10, 6, 33. நாளுக்கு 49 ரூபாய், ஆண்டுக்கு 17,885. கறிக்கடையில் கழுத்து, கால், தலை என்று கிலோ 80க்கு வாங்கிச் சமாளிப்பவர்களுக்கு நாளுக்கு 28, ஆண்டுக்கு 10,220. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மற்ற தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2,000 என்று குறைத்தே போடுவோம்.

நாய்க்கு ஆண்டுச் செலவு: 12,220 முதல் 19,885 ரூபாய் வரை.
ஓர் அணிலால் ஆண்டு நஷ்டம்: 324 ரூபாய்.
செலவுக்கு ஈடாக நாய் விரட்ட வேண்டியவை: 38 முதல் 61 அணில்.
12 ஆண்டு வாழும் நாய்க்கு மொத்தச் செலவு: 1,46,640 முதல் 2,38,620 ரூபாய் வரை.

நாய் வாங்கிய விலை இதில் இல்லை. ஒரு கொய்யா மரத்துக்கு 38 அணில் வருகிற ஊர் எதுவும் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் காய்க்கு ஒரு வலைப்பை கட்டிவிடுவதும், தனியாக நிற்கும் தென்னையில் ஆள் உயரத்துக்கு மேல் வழவழப்பான தகரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அடிப்பதும் பழைய வழி. தகரம் அடித்த மரத்தின் மட்டை பக்கத்து மரத்தையோ மாடிச் சுவரையோ தொடக்கூடாது; தொட்டால் அணில் அந்த வழியாக வந்துவிடும். இவ்வளவுதான் செலவு. நாய் வளர்ப்பதற்கு நாயின் மேல் உள்ள பிரியமே போதுமான காரணம். அதன் தலையில் கொய்யாவைக் கட்ட வேண்டாம்.

கொறிக்கும் பிராணியை வேட்டையாடி வரவு கண்டவர்கள் இந்த மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வயல்வெளிகளில் எலி பிடிக்கும் இருளர்கள் அவர்கள். அவர்களின் முதன்மைக் கருவி கடப்பாரையும் பானையும். வரப்பில் புதிதாகத் தள்ளிய மண்ணைப் பார்த்து எந்த வளையில் எலி இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். மற்ற வாசல்களை மண் போட்டு அடைப்பார்கள். அடியில் சின்னத் துளையிட்ட பானைக்குள் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானையின் வாயை வளையோடு சேர்த்து அழுத்தி, துளையில் உதடு வைத்து ஊதுவார்கள். புகை வளைக்குள் போகும். பிறகு தோண்டி எடுப்பார்கள்.

வரப்பெலி ஒன்றை 250 கிராம் என்று வைத்தால் கறி 125 கிராம். இரண்டரை அணிலுக்குச் சமம். ஆனால் கறி இதில் சிறிய வரவு. நிலத்துக்காரர் தரும் கூலி ஒன்று. எலி வளைக்குள் கதிர் கதிராக இழுத்துச் சேர்த்து வைத்த நெல் இன்னொன்று. தோண்டியவர்களுக்கே அது சொந்தம். ஒரு வளையில் இரண்டு கிலோ நெல் கிடைத்ததாகப் பாருங்கள். 2025–26க்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அந்தக் கணக்கில் 47 ரூபாய். அரைத்தால் 1.3 கிலோ அரிசி; ஏறக்குறைய 4,550 கலோரி. 76 அணிலின் கறியில் உள்ளதற்குச் சமமான சோறு ஒரே பொந்தில். நிலத்துக்காரருக்கும் ஆதாயம் உண்டு. நாளுக்கு 25 கிராம் தின்னும் எலி ஒன்று போனாலே மாதம் முக்கால் கிலோ தானியம் மிச்சம். வெட்டிப் போடும் தாள் தனிக்கணக்கு. வயலில் விஷமும் விழவில்லை.

அந்த வரவின் எதிரில் ஒரு செலவும் இருந்தது. பானைச் சூட்டில் உதடும் கையும் வெந்தன, புகை திரும்பி நெஞ்சுக்குள் போனது. சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் வாயால் ஊதாமல் கையால் சுற்றிப் புகை செலுத்தும் உலோகக் கருவியை உருவாக்கி, 2003இல் உலக வங்கியின் டெவலப்மென்ட் மார்க்கெட்பிளேஸ் போட்டியில் சுமார் 98,500 டாலர் நிதி பெற்றது. பரிசுத் தொகையைவிட, ஊதுகிறவரின் நெஞ்சைச் செலவுக் கணக்கில் ஒருவர் எழுதினார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இருளர்களுக்கு இன்னொரு பேரேடும் உண்டு. பாம்புத் தோல் வணிகம் 1970களில் சட்டத்தால் நின்றபோது அவர்களின் வருமானம் அறுந்தது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு இனங்களை உரிமத்தோடு பிடித்து, சில வாரம் மண்பானையில் வைத்து, விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம்தான் இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். செத்த பாம்பு ஒரு முறை தோல் தந்தது. உயிருள்ள பாம்பு விஷமும் தருகிறது, மனித உயிரையும் மீட்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நரிக்குறவர்களுக்கு அப்படி ஒரு மாற்றுப் பேரேட்டை யாரும் திறந்து தரவில்லை. சிறு வேட்டையும் நாட்டுத் துப்பாக்கியுமாக இருந்தவர்கள், வேட்டை சட்டவிரோதமானதும் ஊசியும் பாசிமணியும் விற்று ஊர் ஊராக அலைந்தார்கள். மாங்காட்டிலிருந்து தூரம் அதிகமில்லாத ஆவடியிலும் அவர்கள் குடியிருப்பு உண்டு. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். வேட்டைத் தடைச் சட்டம் வந்து 50 ஆண்டு கழித்து.

நாய்க்குத் திரும்புவோம். ‘ரத்தம் செத்துவிடும்’ என்ற பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் இரண்டு படுக்கையறை வீட்டின் பால்கனியில் நாள் முழுதும் கட்டிக்கிடந்தால் வாடும். கதவைப் பிறாண்டும், கயிற்றைக் கடிக்கும், நிழல் அசைந்தாலும் பாயும். பிரதமர் 2020 ஆகஸ்ட் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டியது நாட்டு நாய்களுக்கு நல்ல விளம்பரம். அவை ஓடுவதற்கு இடம் வேண்டும் என்பதை யார் சொல்வது? நாய் கேட்பது இரை இல்லை, ஓட்டம். கயிற்றில் கட்டி இழுக்கும் துணியைத் துரத்தினாலே அதன் கண்ணும் காலும் நிறைவடையும்.

இடத்துக்கும் கணக்கு இருக்கிறது. நாய் முழு வேகம் எடுத்துத் திரும்ப 100 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் வேண்டும். 3,000 சதுர மீட்டர். நம் வழக்கில் பதின்மூன்றரை கிரவுண்ட். மாங்காடு 2021இல் நகராட்சியாகிவிட்டது; சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள்தான் இருக்கிறது. இந்தப் பகுதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சாலைகள் போக 30,000 சதுர மீட்டர் உள்ள மனைப்பிரிவு ஒன்றே அந்த 3,000ஐத் தந்துவிடும். எல்லாத் திறந்தவெளியிலும் வேண்டாம். நகராட்சி முழுமைக்கும் ஒன்று, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், தடுப்பூசிச் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே விடலாம். சுற்றளவு 260 மீட்டர். கம்பி வலை வேலி மீட்டருக்கு 800 ரூபாய் என்று போட்டால் 2,08,000 ரூபாய். நல்ல கறி போட்டு ஒரே ஒரு சிப்பிப்பாறையைப் பன்னிரண்டு ஆண்டு வளர்க்கிற செலவைவிட 30,620 ரூபாய் குறைவு.